ஆறாம் லயனில் மதிப்பற்ற நான்கு வீடுகள்

எண்கள் என்பவை எண்ணுவதற்காக ஏற்பட்டவை என்று நம்மில் பலர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்த மூடநம்பிக்கையைக் களைந்து மக்களுக்கு நல்லறிவு புகட்டும் பொருட்டோ என்னவோ, கோலாலம்பூரில் தண்ணீர்ப் பகிர்வு இலாகா என்று ஒன்று திறக்கப்பட்டது. மாடிக் கட்டடம், வாசலில் காவலுக்கு ஒரு ஜாகா, உள்ளே மின்விசிறிகள், விசிறிகளுக்குக் கீழே கிராணிமார் என்கிற குமாஸ்தாக்கள். குழாய் மட்டும் இல்லை. தாகம் எடுத்தால் கிராணிமார் எதிரே இருந்த சீனர் காப்பிக்கடைக்குப் போய் வந்தார்கள். ஊருக்குத் தண்ணீர் பகிர்ந்து கொடுப்பவர்கள் அதைத் தாங்களே குடித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா?

இந்த இலாகாவுக்குத் தலைவராக ஹாலோவே துரை கப்பலில் வந்து இறங்கினார். அவருடைய சட்டைப் பையில் ஓர் அதிசயக் கோல் இருந்தது. நடுவில் ஒரு நாக்கு. அதை இழுத்தும் தள்ளியும் பார்த்தால் பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றுக்கும் விடை சொல்லும். ஸ்லைட் ரூல் என்று பெயர். அது சொல்லும் விடையில் முதல் இரண்டு மூன்று இலக்கங்கள்தாம் துலக்கமாகத் தெரியும். துரைக்குக் கண்ணாடி போட்டும் ஒன்றுதான் தெரிந்தது. மேலதிகாரியின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்பது உத்தியோக தர்மம். ஆகவே வந்த வாரமே சுற்றறிக்கை புறப்பட்டது.

"இதனால் சகல கிராணிமார்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஓர் எண்ணில் முதலில் நிற்பதே மதிப்புள்ள இலக்கம். பின்னால் வருபவை அதன் பரிவாரம். இன்று முதல் இவ்விலாகாவில் எந்த எண்ணும் ஒரே ஒரு மதிப்புள்ள இலக்கத்தோடு எழுதப்படும். மற்ற இடங்களில் பூஜ்யம் நிரப்பப்படும். பின்னால் நிற்பது ஐந்தோ அதற்கு மேலோ ஆனால் முன்னால் நிற்பவருக்கு ஒரு படி பதவி உயர்வு உண்டு. ஐந்துக்குக் கீழே ஆனால் கிடையாது."

அதாவது நாற்பத்தேழு என்றால் ஐம்பது. நாற்பத்து மூன்று என்றால் நாற்பது. அந்த மூன்று எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது.

உத்தியோகத்தில் பிறந்த எதுவும் ஊருக்குள் நாகரிகமாகாமல் போனதில்லை. ஸ்லைட் ரூல் வாங்க வசதியில்லாத கிராணிமார் பள்ளிக்கூடத்து மரக்கோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் பையில் செருகியிருந்தது தோசைத் திருப்பி என்று பின்னால் தெரிய வந்தது. தலைமைக் கிராணி சிரில் முப்பத்து நாலு வயதிலிருந்து ஒரே நாளில் முப்பதுக்கு இறங்கினார். அவர் மனைவி இருபத்தாறிலிருந்து முப்பதுக்கு ஏறினாள். ஏறிய தினத்திலிருந்து புருஷனோடு பேசவில்லை. "ரெண்டையும் கூட்டிப் பாரு, குடும்பத்துக்கு ஒரு நஷ்டமும் இல்ல" என்று சிரில் சமாதானம் சொன்னார். கணக்கு சரிதான். சாப்பாடுதான் கிடைக்கவில்லை.

சிரில் வெறும் தலைமைக் கிராணி மட்டுமல்ல. மெதடிஸ்ட் கோயிலில் அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டின் எண்ணைப் பலகையில் மாட்டுகிறவரும் அவர்தான். ஒரு ஞாயிறு நூற்று நாற்பத்தேழாம் பாட்டு, பலகையில் நூறு. அடுத்த ஞாயிறு நூற்றுப் பன்னிரண்டு, பலகையில் நூறு. நூறாம் பாட்டு அடக்க ஆராதனைக்கு உரியது. மூன்றாவது வாரம் ஒரு கல்யாணம். அன்றும் நூறுதான். சபையார் திகைத்து நிற்க, மாப்பிள்ளை மட்டும் மனம் உருகிப் பாடியதாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவள் கெர்ட்ரூட். சிங்கப்பூரில் காலேஜில் கணிதம் படிக்கிற பெண். நீண்ட விடுமுறைக்குக் கோலாலம்பூர் ரயில்வே குடியிருப்பான பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, ஆறாம் லயன் பதிமூன்றாம் நம்பர் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா இருதயம் கூட்ஸ் வண்டிக் கார்டு. பாதி நாள் கிள்ளானுக்கும் அதற்கு அப்பாலும் ஓடிக்கொண்டிருப்பார். வீட்டில் அம்மா பாக்கியம்தான். "எதிராளி கிடைக்கலன்னா இவ கண்ணாடிகிட்டயே வாதம் பண்ணுவா" என்று அம்மா மகளைப் பற்றிப் பெருமையாகவும் பயமாகவும் சொல்வாள்.

அந்தச் சிரிப்பு ஒரு புதன்கிழமை நின்றது.

ஆறாம் லயன் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினாலு வீடு. கோடியில் ஒரு கிணறு இருந்தது. கொசு முட்டையிடுகிறது என்று சுகாதாரக்காரர்கள் வந்து அதைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். மூடினது போன மாதம். குழாய் வரும் என்றது அதற்கு முந்தின மாதம். நடுவிலே குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, மேட்டிலே ஏறி, பெரிய சடக்கு என்னும் ரோட்டோரக் குழாய்க்குப் போக வேண்டும். பாக்கியத்துக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு கையில் தகர டின்னும் மறு கையில் முழங்காலுமாக அவள் தண்டவாளத்தைத் தாண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் கெர்ட்ரூட் டின்னைப் பிடுங்கப் பார்ப்பாள்; அம்மா விடமாட்டாள். "நான் திரும்பிப் போறதுக்குள்ள இந்த வாசல்ல தண்ணி வரணும். வராம நான் ரயில் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை குழாய் வந்தது. ஐந்து வீட்டுக்கு ஒரு குழாய் என்பது இலாகா விதி. குழாயைச் சுற்றிக் கம்பிக் கூண்டு; கூண்டுக்குப் பூட்டு; வீட்டுக்கு ஒரு சாவி. இலாகாவின் மேஸ்திரி, மண்டோர் ராதாகிருஷ்ணன், சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தார். பத்தாம் நம்பரில் கொத்து தீர்ந்தது. அவரும் திரும்பி நடந்தார்.

"மண்டோரே, இங்க நாலு வீடு இருக்கு" என்று பதினோராம் நம்பர் நல்லம்மாள் கூப்பிட்டாள்.

"இருக்கு" என்றார் மண்டோர்.

"சாவி?"

"ஆறாம் லயன்ல மொத்தம் பத்து வீடு. பத்துக்கும் குடுத்தாச்சு லா."

"பத்தா? நீங்கதானே போன மாசம் வந்து கதவு கதவா எண்ணுனீங்க?"

"நான் பதினாலுன்னுதான் எழுதிக் குடுத்தேன். ஆபீசுக்குப் போனதும் பத்தாயிடுச்சு. பதினாலுல நாலு, மதிப்பில்லாத இலக்கமாம்." மண்டோர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொல்லலக்கா. அறிக்கை சொல்லுது."

"அப்ப நாங்க எங்க இருக்கோம்?" என்றார் பதினாலாம் நம்பர் சபாபதி. பட்டறையில் தச்சு வேலை. வீட்டில் ஓர் ஆட்டுக்கடா. மற்றபடி சாதுவான மனிதர்.

மண்டோர் யோசித்தார். "பூஜ்யத்துல" என்றார்.

முதல் இரண்டு நாள் பத்து வீட்டாரும் பரிதாபப்பட்டு இவர்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கூண்டில் ஓர் அட்டை தொங்கியது: சாவியை இரவல் கொடுப்போரின் சாவி பறிமுதல் செய்யப்படும். அன்றோடு பரிதாபமும் நின்றது. ஒன்றாம் நம்பர் அய்யாவு பட்டறையில் மூத்த பிட்டர், லயன் கமிட்டித் தலைவர், சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவர். அவர் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காத பாக்கியம். எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா நாங்க மதிப்புள்ள வீடு பாரு, ஒரு மரியாதை இருக்கு."

அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. பெண் கொடுக்க வருகிறவர்கள், "மாப்பிள்ளை வீடு பத்துக்கு உள்ளயா, வெளியயா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் பையனுக்கு நிச்சயம் ஆகவிருந்த சம்பந்தம் எட்டாம் நம்பருக்கு மாறிப் போயிற்று. எட்டாம் நம்பர் பையனுக்கு ஒரு கண் கொஞ்சம் விலகிப் பார்க்கும். பரவாயில்லை, வீடு மதிப்புள்ளது.

கெர்ட்ரூட் குடையை எடுத்துக்கொண்டு இலாகாவுக்குப் போனாள். குடை மழைக்காக அல்ல.

"சிரில் அண்ணே, பதினாலு வீட்டைப் பத்துன்னு எழுதியிருக்கீங்க."

"சுருக்கியிருக்கோம்மா."

"எதைச் சுருக்கணும், எதைச் சுருக்கக் கூடாதுன்னு இல்லையா? ஒரு நீளத்தை அளந்தா கோல் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவுதான் நம்பலாம். மீதியை விட்டுடலாம். அது அளந்தது. வீடு எண்ணினது! எண்ணினதுல சந்தேகம் ஏது? பதினாலுன்னா பதினாலு. பதினாலுக்குப் பக்கத்துல இல்ல."

சிரில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உள்ள வந்து துரைகிட்டயே சொல்லு" என்றார். தம்மால் விடை சொல்ல முடியாத கேள்வியை மேலே அனுப்புவதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

ஹாலோவே துரை நல்லவர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அவள் இங்கிலீஷில் மறுபடியும் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"பெண்ணே, நீ சொல்வது கணிதம். நான் நடத்துவது இலாகா. பதினான்கு என்று நான் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம்? யாரோ போய் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்."

"எண்ணித்தானே பார்த்தார்கள்?"

"பார்த்தார்கள். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் நாளைக்குப் பதினைந்தாவது வீடு ஒன்று முளைக்கும்போது, ஏன் எண்ணவில்லை என்று கேட்பார்கள். பத்து என்று எழுதினால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பத்து என்பது ஓர் அடக்கமான எண்."

"அந்த நாலு வீட்டில் மனுஷர்கள் இருக்கிறார்கள், சார். என் அம்மா இருக்கிறாள்."

"என் மரியாதையைத் தெரிவி" என்றார் துரை, மனப்பூர்வமாக.

"என் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். தண்டவாளத்தைத் தாண்டித் தண்ணீர் எடுக்கிறாள்."

துரை கோலை எடுத்து நாக்கை இழுத்தார், தள்ளினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வருத்தமாக இருக்கிறது. விதிப்படி என் கையில் ஒன்றும் இல்லை. அந்த லயனில் இன்னும் ஒரே ஒரு வீடு இருந்திருந்தால்கூட…" என்று சொல்லிவிட்டு, காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

கெர்ட்ரூட் ஆத்திரத்தோடு வெளியே வந்தாள். பாதிச் சடக்கில் சட்டென்று நின்றாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டினது அவள் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் மூடின கிணற்றுப் பலகையே கரும்பலகையாயிற்று. நல்லம்மாளும் பாக்கியமும் சபாபதியும் எதிரே உட்கார்ந்தார்கள். கெர்ட்ரூட் சாக்கட்டியால் எழுதினாள்.

"பதினாலைச் சுருக்கினா பத்து. ஏன்னா நாலு, அஞ்சுக்குக் கீழ. அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா முன்னால நிக்கிறது ஒரு படி மேல போகும். இப்ப பதினஞ்சு வீடு இருந்தா?"

நல்லம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஆனால் பாசாரில் மீன்காரன் அவளைக் கண்டாலே விலையைக் குறைத்துச் சொல்லுவான். "அஞ்சு வந்துருச்சு. ஒண்ணு ரெண்டாவும். இருபது!"

"இருபது வீட்டுக்கு எத்தனை குழாய்?"

"நாலு! ஆத்தாடி, பதினாலுக்கு ரெண்டு, பதினஞ்சுக்கு நாலா? ஒரே ஒரு வீட்டுக்கா?"

"ஒரே ஒரு வீட்டுக்கு. அறிக்கை சொல்லுதுக்கா."

"வீட்டுக்கு எங்க போறது?" என்றாள் பாக்கியம்.

எல்லாரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். பதினாலாம் நம்பரை ஒட்டிச் சபாபதியின் ஆட்டுக்கொட்டகை நின்றது. கூரை இருந்தது. மூன்று பக்கம் சுவர் இருந்தது. உள்ளே கடா இருந்தது. கன்னையா என்று பெயர்.

"கதவு இல்லையே" என்றார் சபாபதி. சொல்லும்போதே அவர் கை இடுப்பிலிருந்த அளவு நாடாவைத் தேடியது.

மண்டோர் கதவுகளைத்தான் எண்ணுவார், ஆட்களை எண்ணுவதில்லை. ஆட்கள் அசைவார்கள். மறு எண்ணிக்கைக்கு நல்லம்மாள் கைநாட்டு வைத்து மனுக் கொடுத்து, மண்டோர் வந்து நின்றபோது பதினாலாம் கதவுக்குப் பக்கத்தில் பதினைந்தாம் கதவு பச்சைச் சாயத்தோடு பளபளத்தது. மண்டோர் தட்டினார். உள்ளிருந்து மே என்று பதில் வந்தது.

மண்டோர் சபாபதியைப் பார்த்தார். சபாபதி வானத்தைப் பார்த்தார்.

"குடும்பத் தலைவர் பேரு?" என்றார் மண்டோர்.

"கன்னையா" என்றாள் கெர்ட்ரூட்.

"தொழில்?"

மண்டோர் கதவிடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு வினாடி கடாவும் அவரும் ஒருவரையொருவர் அளந்துகொண்டார்கள். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு நிதானமாக எழுதினார்: அரசாங்கப் புல்வெளிப் பராமரிப்பு.

"மண்டோரே, உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கெர்ட்ரூட் தணிந்த குரலில் கேட்டாள்.

"எனக்குக் கதவு தெரியும் பாப்பா" என்றார் அவர். "அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

இலாகா சொன்ன சொல் தவறாது. மூன்றாவது குழாய் பதிமூன்றாம் நம்பருக்கு எதிரே வந்தது. நாலாவது குழாய் கொட்டகைக்கு அப்பால், பதினாறு முதல் இருபது வரையிலான வீடுகள் இருந்திருக்க வேண்டிய புல்தரையில் கம்பீரமாக நின்றது. பாக்கியம் வாசலிலேயே டின்னை வைத்துத் திருகினாள். தண்ணீர் டின்னில் விழுந்த சத்தத்தைக் கேட்டு, விழுந்து முடியும்வரை அப்படியே நின்றாள். கெர்ட்ரூட் சிங்கப்பூர் டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஓர் எண் ஒரு முறை இலாகாவுக்குள் நுழைந்துவிட்டால் அது சும்மா இருக்காது.

பதினாறு முதல் இருபது வரையிலான வீடுகளுக்கும் சாவி வந்தது. வாங்க ஆளில்லாததால் கமிட்டித் தலைவர் அய்யாவு பொறுப்பில் விடப்பட்டது. அவர் கழுத்தில் இப்போது ஆறு சாவி. அம்மை குத்துகிறவர் வந்தார். ஐந்து குடும்பங்கள் ஒளிந்துகொண்டன என்று குறித்துக்கொண்டு, வாழைமரத்தில் எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போனார். பிறகு குடியிருப்புகளில் மிகச் சுத்தமான வீட்டுக்குப் பரிசு என்று அறிவிப்பு வந்தது. இலாகா தன் கைவசம் இருந்த புகார்களையெல்லாம் அலசியது. பதினெட்டாம் நம்பர் வீட்டின் பேரில் ஒரு புகாரும் இல்லை. குப்பை இல்லை, சண்டை இல்லை, சாக்கடை அடைப்பு இல்லை, தண்ணீர்கூட வீணாக்கியதில்லை.

துரையே நேரில் வந்தார். பின்னால் சிரில், கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்றிதழோடு.

"பதினெட்டு எங்கே?" என்றார் துரை.

அய்யாவு வியர்த்துப்போய்ப் புல்தரையைக் காட்டினார். துரை பார்த்தார். வெயிலில் புல் மின்னியது. கன்னையாவின் உபயத்தால் அது ஒரே சீராகவும் இருந்தது. துரையின் கோல் சட்டைப் பையிலிருந்தது; கண்ணாடியை ஆபீஸில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அற்புதம்" என்றார். "இவ்வளவு சுத்தமான வீட்டை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். கெர்ட்ரூட்டும் தட்டினாள். சிரிப்பை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சான்றிதழை வாழைமரத்தில், எச்சரிக்கைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். நல்லம்மாள் மட்டும் பொருமினாள்: "நான் நாளைக்கு மூணு தடவ பெருக்குறேன். எனக்கு ஒரு காயிதம் வந்துச்சா?"

அதற்கு அடுத்த வாரம் ஏழாம் லயன் இராஜம்மா வந்தாள். ஏழாம் லயனும் அதே கொத்தன் கட்டினதுதான், பதினாலு வீடு, ரெண்டு குழாய், நாலு வீடு பூஜ்யத்தில். இராஜம்மா வீடு அந்த நாலில் ஒன்று. இடுப்பில் டின், நெற்றியில் வியர்வை.

"தங்கச்சி, உங்க கோடிக் குழாய் சும்மா நிக்குது. ஆளே இல்ல. எங்க நாலு வீட்டுக்கும் அங்க ரெண்டு டின்னு புடிச்சுக்க விடுவீங்களா?"

"தாராளமாக்கா! அஞ்சு சாவி சும்மா தொங்குது. நாளைக்கே வாங்கித் தரேன்" என்றாள் கெர்ட்ரூட். இதைவிடச் சின்ன விஷயம் உலகத்தில் இருக்க முடியாது என்று அவள் நினைத்தாள்.

கமிட்டி கூடியது. பட்டறைப் பலகைகளால் அடைத்த கமிட்டிக் கொட்டகை; உள்ளே பேசினால் வெளியே கேட்கும். இராஜம்மா மரியாதைக்கு வெளியிலேயே நின்றாள்.

"சாவி என்னோடது இல்ல பாப்பா" என்றார் அய்யாவு, மார்பில் கை வைத்து. "பதினாறுலேர்ந்து இருபது வரைக்கும் உள்ளவங்களோடது. அவங்க சம்மதம் இல்லாம நான் எப்படித் தூக்கிக் குடுப்பேன்?"

"அண்ணே, அவங்கதான் இல்லையே!"

"ஊர்ல இல்லாதவங்க சொத்தத் தொடக் கூடாதுன்னு உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?"

"அய்யாவு அண்ணன் சொல்றது ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றாள் நல்லம்மாள். "அந்த லயன்காரங்க வந்தா கூட்டம் கூடும். கூட்டம் கூடினா துரை வருவாரு. கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தா? இருக்கிற குழாயும் போயிரும். எனக்கு வேணாம்ப்பா."

"அக்கா, போன மாசம் நீங்களே பூஜ்யத்துல இருந்தீங்க!"

"அதான் சொல்றேன். அங்க திரும்பப் போக முடியாது."

ஓட்டுக்கு விட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஓட்டு. மொத்தம் இருபது வீடு. சாவி கொடுக்கலாம் என்று பாக்கியம் கை தூக்கினாள். முழங்கால் வலித்தும் எழுந்து நின்று தூக்கினாள். அவ்வளவுதான். மற்றப் பதின்மூன்று வீடும் கூடாது என்றன. பதினைந்தாம் வீட்டின் ஓட்டைச் சபாபதி தலையைக் குனிந்துகொண்டு போட்டார், கூடாது. பதினாறு முதல் இருபது வரைக்குமான ஓட்டுகளைப் பொறுப்பாளர் என்ற முறையில் அய்யாவு போட்டார், ஐந்தும் கூடாது.

"கூடாதுன்னு பத்தொம்பது" என்றார் அய்யாவு. "சுருக்கினா?"

"இருபது" என்றாள் நல்லம்மாள்.

"ஆக, இருபதுக்கு இருபது. ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கெர்ட்ரூட் துள்ளி எழுந்தாள். "எங்கம்மா ஓட்டு? அது ஒண்ணு! ஒண்ணை ஒரு இலக்கத்துக்குச் சுருக்கினாலும் ஒண்ணுதான். அதை எந்தத் துரையாலயும் அழிக்க முடியாது!"

வாதம் செல்லும், அது எல்லாருக்கும் தெரிந்தது. நல்லம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"சரி, இருக்கட்டும். அந்த இருபதோட இந்த ஒண்ணையும் சேரு. எத்தன?"

"இருபத்தொண்ணு."

"சுருக்கு."

கெர்ட்ரூட் அம்மாவைப் பார்த்தாள். "இருபது" என்றாள்.

"அப்பறம் என்ன, ஒருமனதுதான்" என்றாள் நல்லம்மாள். "எங்கள ஏன் முறைக்கிற? கிணத்துப் பலகையில எழுதிக் குடுத்தது யாரு?"

வெளியே இராஜம்மா டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பலகை இடுக்கு வழியாக எல்லாம் கேட்டிருந்தது. கெர்ட்ரூட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"விடு தங்கச்சி. உங்க அம்மா நின்னாங்கல்ல, அது போதும்" என்றாள் இராஜம்மா. பிறகு எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, யோசனையோடு கேட்டாள்: "ஆமா, ஒரு படி மேல போறதுக்கு எங்களுக்கும் ஒண்ணே ஒண்ணுதான் குறையுதா?"

"ஆமாக்கா."

"எங்க லயன் கோடியில ஒரு வாத்துக் கூடு இருக்கு. ஆள் குனிஞ்சு நுழையலாம். கதவுதான் இல்ல."

எண்ணினது எண்ணினதுதான், அதில் சந்தேகம் ஏது என்று துரை முகத்துக்கு நேரே குடையை ஊன்றிச் சொன்னவள் கெர்ட்ரூட். அந்தக் கொள்கையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். இராஜம்மாவின் காலி டின்னையும் பார்த்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "சபாபதி அண்ணே!" என்று கூப்பிட்டாள்.

சபாபதி காத்திருந்தவர்போல வந்தார். மூன்று பேருமாக ஏழாம் லயனுக்குப் போனார்கள். நாடாவின் ஒரு முனையை கெர்ட்ரூட் பிடித்துக்கொண்டாள். சபாபதி ஒரு முறை அளந்தார், திருப்தியில்லாமல் மறுபடி அளந்தார்.

"நாலடி மூணேகால் அங்குலம்."

"நாலடின்னு வச்சுக்கங்களேன்" என்றாள் இராஜம்மா.

சபாபதிக்குக் கோபம் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. "அதெப்படி? வீட்ட நீங்க எப்படி வேணா எண்ணிக்குங்க. கதவு கால் அங்குலம் தப்புனா மூடாது!"

கெர்ட்ரூட் தலைப்பின்னலில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். ஒரு துண்டுக் காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

"குடும்பத் தலைவர் பேரு?" என்றாள்.

"வாத்தும்மா அது."

"பேர் வேணும்க்கா. மண்டோர் கேப்பாரு."

"தம்புசாமின்னு வச்சுக்க, எங்க மாமனார் பேரு."

"தொழில்?"

இராஜம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, நீ சிங்கப்பூர்ல படிக்கப் போனது காலேஜுக்கா, இல்ல இலாகாவுக்கா?"

கெர்ட்ரூட்டின் காதில் அது விழவில்லை. பென்சிலை நாக்கில் தொட்டு, நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள்: நீர்நிலைப் பரிசோதனை.